ஒரு மரத் தொழிற்சாலை பசுமையானதா என்பதை எதில் பார்ப்பது?

கேள்வி இதுதான்: கதவு, ஜன்னல், மரச்சாமான், பலகை தயாரிக்கும் நடுத்தர நிறுவனம். வாங்குபவர்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி விவரம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சான்றிதழ் ஒன்று வாங்கி, கூரையில் சூரியத் தகடு போட்டு, கொஞ்சம் மரக்கன்று நட்டால் போதுமா? இல்லையென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

போதாது. சூரியத் தகடும் மரக்கன்றும் கெட்ட காரியமில்லை, ஆனால் ஒரு மரத் தொழிற்சாலையின் நல்லது கெட்டது பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில் முடிவாகிறது. ஒன்று, மரக் கணக்கு ஏடு. இன்னொன்று, சம்பளப் பட்டியல். முதல் ஏட்டைச் சரியாக எழுதினால் காடு, மின்சாரம், கழிவு மூன்றும் அதில் தெரிந்துவிடும். இரண்டாவதைப் பார்த்தால், எந்த மெஷினில் யாருக்கு விரல் போகும் என்பதைக்கூட ஓரளவு ஊகிக்கலாம்.

மரக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். உள்ளே வந்த தடி எத்தனை கன மீட்டர், அதிலிருந்து பலகையாக எவ்வளவு, மரத்தூளாக எவ்வளவு, பக்கச் செதில், முனைத் துண்டாக எவ்வளவு, காயும்போது சுருங்கியது எவ்வளவு. இனவாரியாக, மாதவாரியாக இது எழுதப்பட வேண்டும். தடியிலிருந்து பலகை எடுக்கும் ஆலையில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை பலகையாக வருவது சாதாரணம். மெல்லிய தடி, கோணல் தடி என்றால் இன்னும் குறையும். எந்த ஆலையாவது 100 கன மீட்டர் சான்றளித்த தடி வாங்கி 75 கன மீட்டர் சான்றளித்த பலகை விற்றதாகக் காட்டினால், வேறெங்கோ இருந்து வந்த மரம் உள்ளே கலந்திருக்கிறது என்று அர்த்தம். தணிக்கைக்கு வருபவர் முதலில் போட்டுப் பார்க்கும் கணக்கும் இதுதான். அதனால் மீட்பு விகிதத்தை, அதாவது தடியில் எத்தனை சதவீதம் பலகையாகிறது என்பதை, ஊகமாக எழுதாமல், ஒவ்வொரு இனத்திலும் ஒரு தொகுதியை அளந்து பார்த்து எழுதி வையுங்கள்.

மரம் பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்ததா என்று சான்று தரும் சர்வதேச அமைப்புகள் இரண்டு: 1993-இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி., 1999-இல் தொடங்கிய பி.இ.எஃப்.சி. இரண்டும் காட்டுக்கு ஒரு சான்றும், காட்டிலிருந்து கடைசி வாங்குபவர் வரை கைமாறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கைமாற்றுச் சங்கிலிச் சான்றும் தருகின்றன. நடுவில் ஒரே ஒரு வியாபாரி சான்றில்லாமல் மரத்தை வாங்கி விற்றாலும் சங்கிலி அறுந்துவிடும். அதற்குப் பிறகு வாங்குபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த மரத்தைச் சான்றளித்தது என்று சொல்ல முடியாது.

நடைமுறையில் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் இன்வாய்ஸ்தான். விற்பவரின் இணையதளத்தில் முத்திரை இருக்கும், சுவரில் சான்றிதழ் தொங்கும். ஆனால் இன்வாய்ஸில் சான்று எண்ணும் இல்லை, எந்த வகைச் சான்று என்ற வரியும் இல்லை. அப்படியானால் அந்த லாரியில் வந்தது சான்றில்லாத மரம், அவ்வளவுதான். எண் இருந்தாலும் சான்று அமைப்பின் பொதுத் தரவுதளத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: சான்று இன்றைக்குச் செல்லுபடியா, நீங்கள் வாங்கும் பொருள் அதன் பட்டியலில் உண்டா. பலகைக்குச் சான்று வைத்துக்கொண்டு பிளைவுட்டையும் அதே எண்ணில் விற்பவர்கள் உண்டு. சரக்கு இறங்கும்போதே இதைச் சரிபார்க்க ஒருவரை நியமியுங்கள். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை கண்டுபிடிக்கும்போது அந்த மரம் நாற்காலியாகி வெளியே போயிருக்கும்.

மர இனத்தை வியாபாரப் பெயரில் மட்டும் எழுதாதீர்கள். அறிவியல் பெயர் வேண்டும். ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. ‘ரோஸ்வுட்’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு சுங்கத்தில் பேச முடியாது. ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்புகிறவர்களுக்கு 2023-இன் காடழிப்புத் தடைச் சட்டம் இன்னொரு கேள்வி கேட்கிறது. மரம் வெட்டிய நிலத்தின் புவி ஆயத்தொலைவுகள் வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமாக இருந்தால் ஒரு புள்ளி போதாது, எல்லைக்கோடே தர வேண்டும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலமாக இருக்கக் கூடாது. சட்டம் அமலாகும் தேதி தள்ளிப்போய்க்கொண்டிருந்தாலும் இந்தத் தகவலைத் திரட்ட நாளாகும். சிறு தோட்டக்காரர்களிடம் வாங்குகிறவர்கள் இப்போதே தொடங்கிவிடுவது நல்லது.

அடுத்தது அறுவை. வாள் தின்னும் மரத்தைப் பற்றி யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை, ஆனால் மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 295 மில்லிமீட்டர் அகலமுள்ள சதுரக் கட்டையை 25 மில்லிமீட்டர் பலகையாக அறுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டமான சர்க்குலர் வாள் ஒவ்வொரு வெட்டிலும் 5 மில்லிமீட்டர் தின்றால் 10 பலகை, நடுவில் 9 வெட்டு: 250, கூட்டல் 45, ஆக 295. அதே கட்டையை 2 மில்லிமீட்டர் தின்னும், நாடாபோல் ஓடும் பேண்ட் வாளில் போட்டால் 11 பலகை, 10 வெட்டு: 275, கூட்டல் 20, மறுபடி 295. ஒரே மரத்தில் பத்து சதவீதம் கூடுதல் பலகை. அந்த அளவுக்கு வெட்ட வேண்டிய மரமும் குறையும், அள்ள வேண்டிய தூளும் குறையும்.

மெல்லிய வாள் வாங்கிவிட்டால் மட்டும் இது வந்துவிடாது. வாளின் இழுவிசை குறைந்தாலோ, பல் மழுங்கினாலோ, தடியைத் தள்ளும் வேகம் கூடினாலோ வாள் அலையும். பலகை ஓரிடத்தில் 25, ஓரிடத்தில் 28 என்று வரும். அந்த மேடுபள்ளத்தை இழைப்பு மெஷினான பிளேனரில் சீவித் தள்ளுவதால் வாளில் மிச்சம் பிடித்தது சீவலாகப் போய்விடும். ஒரு ஷிஃப்டில் பத்துப் பலகையை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆறு இடத்தில் தடிமன் அளந்து எழுதினால் இது உடனே வெளியே வரும். இப்படி அளக்காத ஆலைகள் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒவ்வொரு பலகையையும் தடிமனாக அறுக்கின்றன. அந்த ‘எதற்கும்’ வருடக் கடைசியில் பல லாரி மரமாகிவிடுகிறது.

இப்போது உலர்த்துவது. அறுவை ஆலையில் ஆகும் மொத்த ஆற்றலில் பெரும்பங்கை உலர்த்து அறைதான் குடிக்கிறது. ஒரு கன மீட்டரில் முழுக்கக் காய்ந்த எடை 600 கிலோ உள்ள மரத்தை எடுத்துக்கொள்வோம். பச்சையில் ஈரப்பதம் அந்த உலர் எடையில் 60 சதவீதம். அதை 12-க்குக் கொண்டுவர 288 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். நிழலில் அடுக்கி, காற்றிலேயே 25 சதவீதத்துக்குக் காயவிட்டு அப்புறம் அறைக்குள் ஏற்றினால், அங்கே போக்க வேண்டியது 78 கிலோ மட்டும். முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட காற்று இலவசமாகச் செய்துவிடுகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2.3 மெகாஜூல். அறையின் சுவர், கசிவு, வெளியேறும் ஈரக்காற்று எல்லாம் சேர்ந்தால் அதுபோல இரண்டு மடங்கு ஆவது சகஜம். மீதமுள்ள அந்த 78 கிலோ கொஞ்சம் பிடிவாதமானதுதான், கடைசி ஈரத்துக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். இருந்தாலும் கணக்கு காற்று உலர்த்தலுக்கே சாதகம்.

காற்றில் உலர்த்துவது என்றால் மூலையில் குவித்துப் போடுவது அல்ல. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மேடை, மேலே கூரை, பலகைக்கு நடுவே 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள காய்ந்த இடைக்கட்டைகள், ஒன்றுக்கொன்று அரை மீட்டர் தள்ளி, கீழிருந்து மேல்வரை ஒரே செங்குத்துக் கோட்டில். கோடு தப்பினால் மேலிருக்கும் பாரம் பலகையை வளைத்துவிடும். பலகையின் இரு முனையிலும் மெழுகோ பெயின்டோ பூசினால் முனைவெடிப்பு குறையும். ரப்பர் மரம் போன்ற வெளிர்நிற மரத்தை மட்டும் இப்படிச் சும்மா அடுக்கிவைக்காதீர்கள், சில நாளிலேயே நீலக்கறை பிடிக்கும். அறுத்த ஓரிரு நாளுக்குள் போரான் கரைசல் ஏற்றிவிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

அறைக்குள் பொதுவாக நடக்கும் தப்பு அவசரம். ஆரம்பத்தில் சூட்டைக் கூட்டினால் பலகையின் வெளித்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். பிறகு உள்ளே காயும்போது தோல் விட்டுக்கொடுக்காது, நடுவில் தேன்கூடுபோல் விரிசல் விழும். வெளியே பார்க்க நல்ல பலகை. நீளவாட்டில் கிழிக்கும்போதுதான் இரு பாதியும் வாளைக் கவ்வும். கடைசிக் கட்டத்தில் நீராவி விட்டு இந்த இறுக்கத்தைத் தளர்த்துவது ஒரு நாள் வேலைகூட இல்லை, ஆனால் லாரி காத்திருக்கிறது என்று இதைத்தான் முதலில் தவிர்க்கிறார்கள். ஈரம் பார்க்கும் மீட்டரை மட்டும் நம்பாமல், மாதிரித் துண்டை 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாத வரை வைத்து எடுங்கள். ஈர எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, உலர் எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் உண்மையான சதவீதம். இன்னொரு சுலபமான மிச்சம் மின்விசிறி. ஈரப்பதம் முப்பதுக்குக் கீழே இறங்கிய பிறகு அவ்வளவு காற்று தேவையில்லை. விசிறியின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் பாதியாகிவிடும், ஏனென்றால் சக்தி வேகத்தின் மும்மடிப்படி மாறும்.

கழிவை எரித்து பாய்லர் ஓட்டுவது மரத் தொழிலுக்கே உரிய வசதி. பச்சைத் தூளை அப்படியே போடாதீர்கள். பாதி தண்ணீராக உள்ள தூளில் கிலோவுக்கு 8 மெகாஜூல் அளவுதான் கிடைக்கும். 15 சதவீத ஈரத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். பச்சைத் தூள் புகையையும் கூட்டும். அதைவிட முக்கியம், எதை எரிக்கக் கூடாது என்பது. குரோமியம், செம்பு, ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய மரம், பி.வி.சி. ஓரப்பட்டை ஒட்டிய எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை), பெயின்ட் அடித்த துண்டு இவை சாதாரண பாய்லருக்குள் போகவே கூடாது. முதலாவதில் சாம்பலிலும் புகையிலும் ஆர்செனிக் வரும். இரண்டாவதில் குளோரின் இருக்கிறது, அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும். எல்லாத் துண்டும் ஒரே தொட்டியில் விழுந்தால் பாய்லர்காரரால் பிரிக்க முடியாது. ஆகவே வெட்டும் மெஷினுக்குப் பக்கத்திலேயே இரண்டு நிறத் தொட்டி வையுங்கள்.

தூசி பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், இங்கே சுற்றுச்சூழலும் தொழிலாளியின் உடம்பும் ஒரே விஷயமாகிவிடுகின்றன. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. குறிப்பாக மூக்கு, மூக்குக்குழி. ஐரோப்பிய ஒன்றியம் கடின மரத்தூசிக்கு வைத்திருக்கும் வரம்பு எட்டு மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 2 மில்லிகிராம். தேய்ப்பு மெஷின் ஒன்று உறிஞ்சி இல்லாமல் ஓடினால் இந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியும் சீவலைவிடத் தெரியாத தேய்ப்புத்தூள்தான் நுரையீரலின் ஆழம்வரை போகிறது.

உறிஞ்சு குழாயில் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால் சீவல் குழாயிலேயே படிந்து அடைக்கும். புது மெஷின் வாங்குகிறவர்கள் பழைய குழாயில் ஒரு கிளை போட்டுச் சேர்த்துவிடுவார்கள், விசிறியை மாற்ற மாட்டார்கள். அன்றிலிருந்து எல்லாக் கிளையிலும் இழுவை குறையும். ஓடாத மெஷினின் கிளையை அடைக்கும் தகட்டுக் கதவு போட்டு, தினமும் அதை மூடப் பழக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

படிந்த தூசி எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மெல்லிய தேய்ப்புத்தூளின் அடர்த்தி கன மீட்டருக்கு 200 கிலோ என்று வையுங்கள். உத்தரம், குழாய், தரை எல்லாம் சேர்த்துத் தரைப்பரப்பு முழுக்க 1 மில்லிமீட்டர் படிந்தால் சதுர மீட்டருக்கு 200 கிராம். ஐந்து மீட்டர் உயரக் கூடத்தில் அது காற்றில் எழும்பினால் கன மீட்டருக்கு 40 கிராம். மரத்தூசி வெடிக்கத் தொடங்கும் அளவும் சுமார் அதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என இரண்டு அறுவை ஆலைகள் தூசி வெடித்து எரிந்தன, தலா இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கம் படிந்ததைக் காற்றில் எழுப்பிவிடும் வேலை. அதை நிறுத்திவிட்டு, வெடிப்புக்குப் பாதுகாப்பான வாக்குவம் வாங்குங்கள். மேலே எட்டாத உத்தரத்தை வாரம் ஒருமுறை துடைக்க ஆளும் ஏணியும் ஒதுக்குங்கள்.

பசையிலும் பூச்சிலும் உள்ள பிரச்சினை நச்சு வாயுவான ஃபார்மால்டிஹைடும், ஆவியாகிப் போகும் கரைப்பானும். யூரியா ஃபார்மால்டிஹைடு பசை மலிவு, ஆனால் வெப்பமும் ஈரமும் பட்டால் சிதைந்து வருடக்கணக்கில் வாயு விட்டுக்கொண்டிருக்கும். இந்த வாயுவுக்குக் கலிஃபோர்னியாவின் இரண்டாம் கட்ட வரம்பு கடின மரப் பிளைவுட்டுக்கு 0.05 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு), மரத்துகளை ஒட்டிச் செய்யும் பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃப்.-க்கு 0.11. பலகை வாங்கும்போது ‘ஈ-1 தரம்’ (ஃபார்மால்டிஹைடு குறைவு என்பதற்கான ஐரோப்பிய வகை) என்று வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள், தொகுதி எண்ணோடு சோதனை அறிக்கை கேளுங்கள். ஐசோசயனேட் பசைக்கு மாறினால் ஃபார்மால்டிஹைடு போய்விடும், வாங்குபவருக்கு நிம்மதி. பசை கலக்குகிற தொழிலாளிக்கோ ஆஸ்துமா ஆபத்து வந்து சேரும். காற்றோட்டமும் சரியான முகமூடியும் இல்லாமல் இந்த மாற்றத்தைப் பசுமை என்று அறிக்கையில் எழுதுவது அசிங்கம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் முக்கால் பங்குக்கு மேல் கரைப்பான்தான், அது எல்லாமே காற்றில் போகிறது. தண்ணீர் பூச்சுக்கு மாறினால் மரத்தின் நார் எழும்பும். முதல் பூச்சு காய்ந்ததும் 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கும் ஒரு படி கூடும், ஈரமான பருவத்தில் காயும் நேரமும் நீளும். இதைத் திட்டத்தில் சேர்க்காமல் மாறியவர்கள் மூன்றாவது வாரமே பழைய டின்னுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இனி சம்பளப் பட்டியல். அறுக்கும் மேசையில் வாளுக்குப் பின்னால் நின்று, அறுத்த மரம் வாளைக் கவ்வாமல் தடுக்கும் பிளவுக்கத்தி வாளின் பல்லிலிருந்து 8 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். மேலே மூடி, கையில் தள்ளுகட்டை. இவை பெரும்பாலும் மெஷினோடு வரும். ஆனால் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிற இடங்களில் மூடி சுவரில் மாட்டியிருக்கும். மெல்லிய பட்டை கிழிக்க ஒருமுறை கழற்றியது, திரும்ப மாட்ட ஐந்து நிமிடம், அந்த ஐந்து நிமிடத்துக்குக் கூலி கிடையாது. ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற பலகை அங்கே வெறும் அலங்காரம். அடிப்படைக் கூலியை மணிக்கணக்கில் கொடுத்துவிட்டு, ஊக்கத்தொகையைக் குழுவுக்கு, மர மீட்பு விகிதத்துக்கும் தரத்துக்கும் கொடுங்கள். மெஷின் சரிசெய்யும் நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ணுங்கள். வேகமாகத் தள்ளித் தடிமன் கெடுப்பதும் இதனால் குறையும், அறுவையில் சொன்ன அந்தப் பத்து சதவீதமும் கையில் நிற்கும்.

சத்தமும் இதே கூடத்துப் பிரச்சினை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம் என்றால் 88-இல் நான்கு மணி, 97-இல் அரை மணிதான். பிளேனர் எளிதாக அந்த இடத்தைத் தொடும். சுருள் வடிவக் கத்தித்தலை போட்டால் சத்தம் நன்றாகக் குறையும். காதடைப்பானைக் கடைசி வழியாக வையுங்கள். வருடத்துக்கொரு முறை செவித்திறன், மூச்சுத்திறன் சோதனை நடத்தி, அதன் முடிவைத் தொழிலாளி கையிலேயே கொடுங்கள்.

எஃப்.எஸ்.சி. 2021-இலிருந்து கைமாற்றுச் சங்கிலிச் சான்றிலேயே தொழிலாளர் உரிமையைச் சேர்த்திருக்கிறது: குழந்தைத் தொழிலாளர், கட்டாய உழைப்பு, பாகுபாடு இவை கூடாது, சங்கம் சேர உரிமை உண்டு. கட்டாய உழைப்பு என்றால் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பது மட்டும் அல்ல. வேலைக்குச் சேர தரகருக்குக் கடன் வாங்கிக் கட்டிய பணம், முதலாளி பீரோவில் இருக்கும் தொழிலாளியின் அடையாள அட்டை இரண்டும் அதன் அறிகுறிகள். தரகர் கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும், அட்டை அவரவரிடமே இருக்க வேண்டும். விபத்துக் கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்க்காமல் ‘இந்த வருடம் விபத்தே இல்லை’ என்று எழுதுவது பரவலான தந்திரம். தணிக்கையாளர் மருத்துவமனை பில்லைக் கேட்டால் அது கலைந்துவிடும். செதுக்கு வேலையையும் பாலிஷையும் வெளியே வீடுகளுக்குக் கொடுக்கிறவர்கள் அந்த வீடுகளையும் தங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். குழந்தை உழைப்பு ஆலைக்குள் இல்லாமல் அங்கேதான் இருக்கும், தின்னர் வாசனையும் அங்கேதான் சமையலறைக்குள் போகும்.

கடைசியாக, கார்பன் கணக்கு கேட்பார்கள். உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன், ஆகவே ஒரு கிலோ உலர் மரம் சுமார் 1.83 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமானதைப் பிடித்துவைத்திருக்கிறது. இந்த எண்ணை எடுத்து மின்சாரம், டீசல், பசை ஆகியவற்றின் உமிழ்விலிருந்து கழித்து ‘நாங்கள் கார்பன் எதிர்மறை’ என்று போடாதீர்கள். பொருள் எரிக்கப்பட்டாலோ மக்கினாலோ அது திரும்பக் காற்றுக்குப் போகும், வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர்ந்தால்தான் கணக்கு நேராகும். இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். பக்கத்தில் கன மீட்டருக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எவ்வளவு பசை, எத்தனை கிலோமீட்டர் லாரி என்ற மூன்று எண்ணையும் வையுங்கள்.